5,000 கதிரில் 10: விதை நெல் விளைவிக்க வருபவருக்கு ஒரு வழிகாட்டி

முதல் தடவை விதைப்பண்ணை போட்டபோது என் வயலில் பயிர் பார்க்கிறவர் கண்ணு படும்படி நின்றது. ஆய்வுக்கு வந்த விதைச் சான்று அலுவலர் பாராட்டுவார் என்று வரப்பில் காத்திருந்தேன். அவர் எத்தனை மூட்டை காணும் என்றுகூடக் கேட்கவில்லை. பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி, ஓர் இடத்தில் நின்று கதிர்களைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். ஓர் இடத்தில் ஆயிரம் கதிர். 5 ஏக்கர் வரையிலான வயலுக்கு இப்படி ஐந்து இடம். மொத்தம் 5,000 கதிரில் வேறு ரகக் கதிர் 10 வரை இருக்கலாம், அதாவது 0.2 சதவீதம். அதற்கு மேல் போனால் அது சாப்பாட்டு நெல்தான், விதை இல்லை.

சாப்பாட்டு நெல் போடுகிறவர் விளைச்சலைப் பார்ப்பார். விதை நெல் போடுகிறவர் கலப்பைப் பார்க்க வேண்டும். கீழே சொல்லப்போகும் வேலைகளில் பாதிக்கு மேல் கலப்பு நுழையாமல் பார்த்துக்கொள்கிற வேலைதான். நான் நெல்லை வைத்தே சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். உளுந்து, நிலக்கடலைக்கு அளவுகள் மாறும், போக்கு மாறாது.

விதை எங்கிருந்து வருகிறது

புது ஆட்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள். போகாதீர்கள். கையில் இருக்கும் மூட்டையின் பூர்வீகம் தெரிந்தால்தான் அதை எவ்வளவு பத்திரமாக வைக்க வேண்டும் என்று தெரியும்.

தமிழ்நாட்டில் நெல் ஆராய்ச்சிக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. கோவையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912இல் தொடங்கியது, ஆடுதுறையில் 1922இல். கோவை நிலையம் 1921இல் வெளியிட்ட ஜி.இ.பி. 24 என்ற ரகம் இன்று பெரும்பாலான வயல்களில் இல்லை. ஆனால் நாம் சாப்பிடும் பல ரகங்களின் உடம்பில் அதன் ரத்தம் ஓடுகிறது. பி.பி.டி. 5204 அரிசியை விரும்பி வாங்குகிறோமே, அதன் வம்சாவளியிலும் ஜி.இ.பி. 24 உண்டு.

ஒரு புது ரகம் ஒரு மாலை நேரத்தில் ஆரம்பிக்கிறது. நெல் பூ ஒவ்வொன்றிலும் ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்தே இருக்கும், அதனால் தானே கருவுற்றுவிடும். இரண்டு ரகங்களைச் சேர்க்க வேண்டுமானால் தாயாக வைக்கும் பயிரின் பூவில் உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். பிறகு கதிருக்குக் காகித உறை. மறுநாள் காலை பூ மலரும் நேரத்தில் தந்தைப் பயிரின் கதிரைக் கொண்டுவந்து அதன் மேல் உதறுவார்கள். அப்படி உருவாகும் நெல்மணி பார்க்கவே விசித்திரமாக இருக்கும்: உமி பாதியில் வெட்டுப்பட்டு, அரிசி நுனி வெளியே தெரியும். ஒரு கதிரில் நாலைந்து மணி தேறினாலும் அவர்களுக்கு அது பெரிய லாபம்.

அந்த மணிகளை விதைத்தால் முதல் தலைமுறை ஒரே மாதிரி இருக்கும். இரண்டாம் தலைமுறையில்தான் கூத்து. நெட்டை, குட்டை, முன்பூப்பு, பின்பூப்பு, சன்னம், மோட்டா என ஆயிரக்கணக்கான செடிகள் ஆளுக்கொரு பக்கம் போகும். அதில் நல்லதைப் பொறுக்கி, மறுபடி விதைத்து, மறுபடி பொறுக்கி, ஆறேழு தலைமுறை போனால் குணம் நிலைக்கும். அப்புறம் விளைச்சல் சோதனை, பல ஊர்களில் சோதனை, விவசாயிகளின் வயலிலேயே சோதனை. ரக வெளியீட்டுக் குழு ஒப்புக்கொண்டு, 1966ஆம் ஆண்டு விதைச் சட்டப்படி அரசிதழில் அறிவிப்பு வருவதற்குள் சுமார் பத்து வருஷம் ஓடிவிடும்.

இருக்கிற ரகத்தில் ஒரே ஒரு குணத்தை மட்டும் சேர்ப்பதும் உண்டு. டெல்டாவில் பொன்மணி என்று சொல்கிற சி.ஆர். 1009 வெள்ளத்தில் மூழ்கினால் அழுகிவிடும். ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றில் மூழ்கினாலும் தாங்குகிற மரபணு இருந்தது. அதைக் கொண்டுவந்து சேர்த்ததுதான் சி.ஆர். 1009 சப் 1. இரண்டு வாரம் தண்ணீரில் கிடந்தாலும் எழுந்துவிடும். இதில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பழையதும் புதியதும் வயலில் பார்க்க ஒன்றுபோலவே நிற்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிட்டுப் பிறகு கலவன், அதாவது கலந்து நிற்கும் வேறு ரகச் செடிகளை, எடுக்க நினைத்தால் பிரம்மாவாலும் முடியாது.

மஞ்சள், வெள்ளை, நீலம்

ரகத்தை உருவாக்கிய நிலையத்தில் முதலில் இருப்பது கரு விதை. ஒவ்வொரு கதிரையும் தனித்தனி வரிசையாக விதைப்பார்கள். ஒரு வரிசையில் ஒரு செடி வித்தியாசமாக இருந்தால் அந்த வரிசை முழுவதும் போய்விடும். தேறிய வரிசைகளின் நெல்தான் அடுத்த படிக்கு.

அடுத்தது வல்லுநர் விதை, மஞ்சள் அட்டை. அதை விதைத்து எடுப்பது ஆதார விதை, வெள்ளை அட்டை. அதை விதைத்து எடுப்பது சான்று விதை, நீல அட்டை. கடையில் விவசாயி வாங்குவது பெரும்பாலும் நீலம். பச்சை அட்டையும் பார்ப்பீர்கள். அது உண்மைநிலை விதை: உற்பத்தி செய்தவரே தன் பொறுப்பில் தரத்தை எழுதி ஒட்டுவது, சான்றுத் துறையின் வயலாய்வு அதற்குக் கிடையாது. மாப்பிள்ளை சம்பா மாதிரிப் பாரம்பரிய ரகத்தில் விதை போட நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரசிதழில் அறிவிக்கப்பட்ட ரகத்துக்குத்தான் சான்று கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, சுத்தம் செய்தபின் 1,600 கிலோ விதை தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று எண்பதாகிறது. 10 கிலோ வல்லுநர் விதை 800 கிலோ ஆதார விதையாகி, அது 64,000 கிலோ சான்று விதையாகி, 3,200 ஏக்கருக்குப் போகும். அந்தப் 10 கிலோவுக்குள் எங்கிருந்தோ விழுந்த ஒரு வேற்று மணியும் இதே கணக்கில்தான் பெருகும். அதனால்தான் மேலே போகப்போகக் கெடுபிடி அதிகம். ஆதார விதை வயலில் கலவன் 0.05 சதவீதம்தான், 5,000 கதிரில் இரண்டு வரை. புதிதாக வருபவர் சான்று விதையில் ஆரம்பியுங்கள். ஆதார விதை இரண்டு மூன்று பருவம் போகட்டும்.

வாங்குபவரை முதலில் பாருங்கள்

விதைத்த பிறகு யாரிடம் விற்பது என்று தேடுவது நடக்காத காரியம். உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் உதவி விதை அலுவலரைப் பாருங்கள். துறைக்கு அடுத்த பருவத்துக்கு எந்த ரகம், எவ்வளவு தேவை என்று அவருக்குத் தெரியும். தனியார் விதை உற்பத்தியாளர்களும் ஒப்பந்தம் போட்டு வயல் எடுப்பார்கள். யாரானாலும் கொள்முதல் விலை எப்படிக் கணக்கிடுவார்கள், பணம் எத்தனை தவணையில் வரும், பரிசோதனையில் தேறாவிட்டால் நெல் யாருடையது, இந்த மூன்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டவர்கள் பிறகு என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார்கள்.

பருவமும் முக்கியம். டெல்டாவில் குறுவை அறுவடை மழையோடு மல்லுக்கட்டும். அப்போது எடுக்கும் நெல்லை விதையாக்குவது சிரமம். தைக்குப் பிறகு வெயிலில் அறுக்கிற நெல்லில்தான் நல்ல விதை எடுக்கலாம். நீண்ட நாள் ரகத்தைத் தை, மாசியில் அறுத்தால் ஆவணியில் அடுத்த சம்பாவுக்குச் சரியாக விற்பனைக்கு வந்துவிடும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சான்று விதைக்கு முளைப்புப் பரிசோதனை தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் ஆயுசு. அதற்குள் விற்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபரிசோதனை செய்து ஆறு மாதம் நீட்டிப்பு வாங்க வேண்டும்.

மூட்டை வாங்கியதும்

பில்லும் அட்டையும் உங்கள் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. ஆதார விதை மூட்டையைப் பிரிக்கும்போது அட்டையைக் கிழிக்காமல் எடுத்து, காலிப் பையோடும் பில்லோடும் சேர்த்து வையுங்கள். அலுவலர் கேட்பார். விதை எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால் பயிர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பதிவு கிடையாது.

விதைத்தபின் விதைப்பறிக்கை கொடுக்க வேண்டும். விதைத்த நாளிலிருந்து 35 நாளுக்குள், அல்லது பூப்பதற்கு 15 நாள் முன்பாக, எது முந்தியோ அதற்குள், உரிய கட்டணத்தோடு விதைச் சான்று உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுங்கள். ஓர் அறிக்கையில் ஒரே ரகம், ஒரே நிலை, அதிகபட்சம் 25 ஏக்கர். நான் நாற்றுவிட்ட மறுவாரமே கொடுத்துவிடுவேன். நடவு மும்முரத்தில் இந்தத் தாளை மறந்து பருவத்தையே கோட்டை விட்டவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்.

வயல்

போன பருவம் வேறு ரகம் போட்ட வயலா? அப்படியானால் கொட்டிய நெல் மண்ணில் காத்திருக்கிறது என்று அர்த்தம். உழுதவுடன் நட்டுவிடாமல், தண்ணீர் விட்டு அந்த நெல் முளைக்கும்வரை பொறுத்து, முளைத்ததை மடக்கி உழுங்கள். முடிந்தால் இரண்டு தடவை. இந்தப் பத்துப் பதினைந்து நாளை மிச்சப்படுத்த நினைத்தால், கதிர் வந்தபின் கூலி கொடுத்துப் பிடுங்க வேண்டிவரும்.

பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தால் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர் என்பதால் இவ்வளவு குறைவு. வீரிய ஒட்டு நெல் விதைக்கு நூறு மீட்டர். பக்கத்து வயல்காரரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அவரையும் அதே ரகம் போட வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

விதைப்பதற்கு முன் முட்டைச் சோதனை செய்யுங்கள். வாளியில் பத்து லிட்டர் தண்ணீர், அதில் ஒரு நல்ல கோழி முட்டை. முட்டை அடியில் கிடக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். ஒரு கட்டத்தில் முட்டை மேலே வந்து, பழைய நாலணா அளவுக்கு ஓடு தண்ணீருக்கு வெளியே தெரியும். அதுதான் அளவு. முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மிதக்கும், திரட்சியானது அடியில் தங்கும். அடியில் தங்கியதை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும். பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற, நோயைத் தடுக்கும் பாக்டீரியாத் தூள் கலந்து விதை நேர்த்தி செய்யலாம்.

ஏக்கருக்கு விதை அளவு குறுகிய கால ரகத்துக்கு 24 கிலோ, மத்திய காலத்துக்கு 16, நீண்ட காலத்துக்கு 12. நாற்றங்காலில் வேறு ரகம் பக்கத்தில் இருக்கக் கூடாது. நாற்றுக்கட்டு தூக்கிவரும்போதுதான் மாறிப்போகும்.

நடும்போது எட்டடிக்கு ஒரு பட்டம், அதாவது நடந்துபோக நடாமல் விடும் இடைவெளி, விடுங்கள், ஓர் அடி அகலத்துக்கு. இதைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள், அவ்வளவு இடம் வீணாகிறதே என்று. பட்டம் இல்லாத வயலில் நடுவில் நிற்கும் கலவனைப் பார்க்கலாம், போய்ப் பிடுங்க முடியாது.

உரம், தண்ணீர், பூச்சி விஷயத்தில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும்: யூரியாவை அள்ளிப் போட்டுப் பயிர் சாய்ந்துவிட்டால் அங்கே கதிரை எண்ண முடியாது. எண்ண முடியாத வயலுக்கு ஆய்வும் இல்லை. நெல்மணிகள் மஞ்சள், பச்சை உருண்டைகளாக மாறும் நெற்பழ நோயை எங்கள் பக்கம் லட்சுமி வந்துவிட்டாள் என்று சொல்லிச் சந்தோஷப்படுகிற வழக்கம் உண்டு. விதைப்பண்ணையில் அந்த லட்சுமி வரவே கூடாது.

கலவன் எடுப்பது

இதுதான் தொழில். இதைக் கற்றுக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

தூர் கட்டும் பருவத்தில் ஒரு சுற்று: அடித்தண்டு நிறம், இலையின் பச்சை, உயரம். பூக்கும்போது இரண்டாவது சுற்று: முந்திப் பூத்தது, பிந்தியது, கண்ணாடி இலை (கதிருக்குக் கீழே உள்ள கடைசி இலை) நிற்கும் விதம். பால் பிடித்து மணி முற்றும்போது மூன்றாவது சுற்று: மணியின் நீளம், நிறம், நுனியில் வால் இருக்கிறதா இல்லையா. பூக்கும்போது எடுப்பதை எடுத்துவிட வேண்டும். அது மகரந்தம் கொட்டிய பிறகு பிடுங்கினால் பாதிப் பயன்தான்.

காலையில் இறங்குங்கள், வெயில் முதுகில் அடிக்கும்படி நடங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பயிரும் ஒரே மஞ்சளாகத் தெரியும். பட்டத்தில் மெதுவாக நடந்து, இரண்டு பக்கமும் நாலடி மட்டும் பாருங்கள். தேடக் கூடாது, பார்க்க வேண்டும். எங்கள் வயலுக்கு நடவுக்கு வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடம் போகாதவர். நான் தாண்டி வந்த இடத்தில் அவர் நின்று, "தம்பி, இது நம்ம புள்ள இல்லை" என்பார். பார்த்தால் கண்ணாடி இலை கொஞ்சம் சரிந்திருக்கும், அவ்வளவுதான். அப்படி ஒருவர் கிடைத்தால் கூலியில் கணக்குப் பார்க்காதீர்கள்.

கதிரை மட்டும் ஒடிக்கக் கூடாது. அதே செடியின் பக்கத் தூர்களில் மறுபடி கதிர் வரும். தூரோடு பிடுங்கி, வயலுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். காட்டு நெல் இருந்தால் ஒன்றைக்கூட விடாதீர்கள். அதற்கு அனுமதி 0.02 சதவீதம், அதாவது நம் 5,000 கதிரில் ஒன்றே ஒன்று.

பூப்பருவத்திலிருந்து அறுவடைக்குள் குறைந்தது இரண்டு வயலாய்வு. முதல் எண்ணிக்கையில் கலவன் அளவைத் தாண்டி, ஆனால் இரு மடங்குக்குள் இருந்தால் மறுபடி ஒரு சுற்று எண்ணிச் சராசரி பார்ப்பார்கள். அலுவலர் வருகிற நாளில் கூடவே நடங்கள். அவர் எதைப் பார்த்து நிற்கிறார் என்று கவனித்தால் இலவசப் பயிற்சி.

அறுவடையில் போன பருவம்

வயலாய்வு இரண்டிலும் தேறிய ஒரு பருவத்தை நான் அறுவடை மெஷினில் இழந்தேன். முந்தின நாள் பக்கத்து ஊரில் மோட்டா ரகம் அறுத்துவிட்டு வந்த மெஷின். டிரைவர், "காலியாத்தான் சார் இருக்கு" என்றார், நானும் மழை பயத்தில் சரி என்றேன். பரிசோதனைக்கூட முடிவு வந்தபோது வேற்று ரக மணி அளவைத் தாண்டியிருந்தது. வயலில் மூன்று சுற்று நடந்து பிடுங்கியதை ஒரு மணி நேரத்தில் மெஷின் திருப்பிக் கொட்டிவிட்டது.

அதிலிருந்து நான் செய்வது இது: மெஷினை வரப்பில் நிறுத்தி, மூடிகளைத் திறக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் வெறுமனே ஓட்டவிட்டு, மூலைமுடுக்கில் இருப்பதைக் கூட்டித் தள்ளுவேன். அறுத்து வரும் முதல் இரண்டு மூட்டையைச் சாப்பாட்டுக்குத் தனியாக வைத்துவிடுவேன். டிரைவர் முணுமுணுப்பார். அரை மணி நேர வாடகை சேர்த்துக் கொடுத்தால் சமாதானமாகிவிடுவார். வயலின் ஓரத்தில் இரண்டு வரிசையையும் விதைக்கு எடுப்பதில்லை.

பாதிப் பயிர் பூத்த நாளிலிருந்து குறுகிய கால ரகம் சுமார் 28 நாளில் முற்றும். மணிகளில் பத்துக்கு ஒன்பது பொன்னிறமானதும் அறுக்கலாம். ஈரம் 13 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைக்க வேண்டும். தார்ப்பாயில் பரப்பி, உச்சிவெயில் நேரத்தில் மட்டும் மூடி வைப்பது நல்லது. தார் ரோட்டில் விதை நெல்லைக் கொட்டாதீர்கள். அந்த ரோட்டில் ஊரில் உள்ள எல்லா ரகமும் காய்ந்திருக்கும். சாக்கு புதிதாக இருக்கட்டும், பழையதானால் உள்வெளியாகத் திருப்பி உதறுங்கள். தையலில் நாலு மணி ஒளிந்திருக்கும்.

சுத்திகரிப்பும் பரிசோதனையும்

ஆய்வு அறிக்கையின் நகலோடு நெல் அங்கீகரிக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். சல்லடைகள் சிறு மணியையும் பதரையும் பிரித்துவிடும். அதில் கழிவது உங்கள் கணக்கில்தான் கழியும் என்பதால் வீட்டிலேயே நன்றாகத் தூற்றி எடுத்துப்போங்கள். அங்கே அலுவலர் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்.

சான்று விதைக்குத் தேற வேண்டிய அளவுகள்: சுத்தம் குறைந்தது 98 சதவீதம், முளைப்பு 80, ஈரம் 13க்குள், வேற்று ரக மணி கிலோவுக்கு 20க்குள். ஒரு கிலோவில் சுமார் 45,000 மணி இருக்கும். அதில் இருபது. முளைப்புக்கு 400 விதையை எண்ணி வைத்து 14ஆம் நாள் முடிவு பார்ப்பார்கள்.

அனுப்புவதற்கு முன் நீங்களே வீட்டில் பாருங்கள். பொறுக்கி எடுக்காமல், கண்ணை மூடி அள்ளிய நூறு விதையை ஈரக் கோணியில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, ஒரு வாரம் ஈரம் காயாமல் வையுங்கள். தொண்ணூறு முளைத்தால் நிம்மதி. அறுத்த உடனே பார்த்து நாற்பதுதான் முளைத்தது என்றால் பதற வேண்டாம். சில ரகங்கள் அறுவடைக்குப் பின் சில வாரம் உறக்கத்தில் இருக்கும். கொஞ்ச நாள் கழித்து மறுபடி வைத்துப் பாருங்கள்.

தேறினால் மூட்டைக்கு நீல அட்டை கட்டி முத்திரை வைப்பார்கள். குவியல் எண் (ஒன்றாகச் சுத்தம் செய்து பரிசோதித்த விதைத் தொகுதியின் அடையாள எண்), ரகம், பரிசோதனைத் தேதி, காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும்.

விற்பது

துறைக்கோ நிறுவனத்துக்கோ கொடுத்தால் உங்கள் வேலை இங்கே முடிந்தது. துறைக்குப் போன விதை விரிவாக்க மையங்கள் வழியாக விவசாயிக்குப் போகும். நீங்களே கடை வைத்து விற்க வேண்டுமானால் 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும். உங்கள் பகுதிக்கான விதை ஆய்வு துணை இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் குவியல் எண் எழுதிய பில் கட்டாயம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு மூட்டை கொடுப்பதும் குற்றமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இல்லை. தான் விளைவித்ததைத் தன் இடத்திலேயே, விதைக்கப் போகிறவருக்கு நேரடியாகக் கொடுப்பதை விதைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமும் விவசாயி விதையைச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பெயர் போட்ட பிராண்டாகப் பொட்டலம் கட்டி விற்பதற்குத்தான் தடை.

கடைசியாக ஒன்று. மூட்டைகள் வண்டி ஏறும் முன் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு கிலோ எடுத்து, உள்ளே குவியல் எண் எழுதிய சீட்டோடு கட்டி, எலி எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள். வாங்கியவர் நாலு மாதம் கழித்து வந்து, "உங்க விதையில கலப்பு" என்பார். அப்போது அந்தக் கிலோவை எடுத்து, ஒரு மூலையில் விதைத்து, அவரையே கூப்பிட்டுக் காட்டலாம். எனக்கு இதுவரை இரண்டு தடவை உதவியிருக்கிறது. ஒரு தடவை தப்பு என்னுடையதுதான் என்று தெரிந்தது.